அக்கா வரிசை

பொங்கல் விளையாட்டு விழாவில் பெண்களுக்கென்று மூன்று போட்டிகள் வைப்பார்கள். மியூசிக்கல் சேர், ஸ்பூனில் எலுமிச்சம்பழம், ஸ்லோ சைக்கிள். கல்யாணமாகி நான் கும்மிடிப்பூண்டிக்கு வந்த வருஷத்திலிருந்து பார்க்கிறேன், இந்த மூன்றும் மாறியதே இல்லை. ஆண்களுக்குக் கபடி உண்டு, கைப்பந்து உண்டு, ஹைவே ஓரமாக எளாவூர் வரை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் உண்டு. பெண்கள் மட்டும் சைக்கிளை எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டிக் காட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் அவுட். கடைசியாக வந்து சேர்கிறவளுக்கு முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்கு கொடுப்பார்கள்.

இதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை பார்ப்பது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. கம்பெனி பஸ் ஹைவேயோடு போய்விடும் என்பதால், உள்கிராமத்துப் பெண்கள் எல்லாம் சைக்கிளில்தான் ஆறு மணி ஷிப்டுக்கு வருகிறார்கள். பாதிப் பேர் ஓட்டுவது மகளுக்குப் பதினோராம் வகுப்பில் கிடைத்த இலவச சைக்கிள். மகள் காலேஜுக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அது அம்மாவுக்கு வந்துவிடும். சமைத்து, தண்ணீர் பிடித்து, டிபன் பாக்ஸைக் கூடையில் போட்டுக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் மிதித்து, ஆறடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது கார்டைத் தேய்ப்பார்கள். ஸ்கூட்டியில் வருகிற நான் மாதத்தில் நான்கு நாள் லேட். இந்தப் பெண்களிடம் போய் ஊர் இளைஞர் மன்றம் மெதுவாக ஓட்டிக் காட்டு என்கிறது.

அந்த வருஷம் எங்கள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருத்தி ஸ்லோ சைக்கிளுக்குப் பேர் கொடுத்திருந்தாள். அவள் ஊர் எளாவூருக்கு உள்ளே ஒரு கிராமம் என்பதால் எங்களுக்கெல்லாம் அவள் எளாவூரக்கா. ஒடிசலான உடம்பு, கறுகறுவென்று டை அடித்த முடி, எதற்கும் சத்தம் போடாத சுபாவம். விசில் ஊதியதும் மற்றவர்கள் ஹேண்டில்பாரை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு தள்ளாடினார்கள். இவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே மிதியாக மிதித்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டி, கட்டியிருந்த கயிறு வரைக்கும் போய்த்தான் நின்றாள். ரூல் தெரியாமல் ஓட்டிவிட்டாள் என்று மைக்கில் இருந்தவன் அறிவித்தான், மைதானமே சிரித்தது. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ரூலு தெரியும் நைனா. தெனம் ஆறு மணிக்குள்ள வேகமா வந்தாதான் கேட்டுல உள்ள உடறாங்க. மெதுவா ஓட்டறத எங்க போய்க் கத்துக்கினு வர்றது?"

அவள் சொன்ன விதத்தில் சண்டை இல்லை, உண்மையாகவே கேட்டாள். சண்டை போடுவதற்கு நான் இருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று கடம்பத்தூரில் பிறந்த வீட்டிலும் சொல்வார்கள், இங்கே புகுந்த வீட்டிலும் சொல்வார்கள், அந்த ஒரு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒற்றுமை. நேரே மேடையில் ஏறி மன்றச் செயலாளரிடம், பெண்களுக்கு நிஜமான பந்தயம் வைக்க உங்களுக்கு என்ன கேடு என்று கேட்டேன். என்னை எப்படியாவது மேடையிலிருந்து இறக்கினால் போதும் என்றோ என்னவோ, அவர் அப்போதே மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு என்று அறிவித்துவிட்டார்.

பதினைந்து பெண்கள் ஓட்டினார்கள். கியர் சைக்கிள் வைத்திருந்த ஒரு காலேஜ் பெண் இரண்டாவது ரவுண்டிலேயே எல்லோரையும் விட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். எளாவூரக்கா ஏழாவதாக வந்தாள். அவளோடு வேலை செய்கிற நடுவயதுப் பெண்கள் பாதியிலேயே இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பார்த்தவர்களோடு சேர்ந்து தாங்களும் தங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை டீ பிரேக்கில் எளாவூரக்கா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். அந்தக் காலேஜ் பெண் தன் மகளைவிடச் சின்னவள் என்றாள். அவளோடு ஓட்டித் தோற்றதில் வருத்தமில்லையாம். ஆனால் அதில் தான் வேகமா, வேகமில்லையா என்று தெரியவே இல்லையாம்.

"என் வயசுக்காரங்களோட ஒருதரம் ஓட்டிப் பாக்கணும்மா. கெலிச்சா கெலிக்கறேன், தோத்தா தோக்கறேன். நான் எப்பிடி ஓட்டறேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

யாரிடமும் எதையும் கேட்காதவள் கேட்டாள். நான் அன்றைக்கே ஒரு தாளை எடுத்துவிட்டேன்.

முப்பது வயதுக்குள் ஒரு குரூப், முப்பதிலிருந்து நாற்பத்தைந்து வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. எங்கள் கம்பெனிக்கு முன்னால் போகிற சிப்காட் உள்சாலை ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகக் கிடக்கும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கிளம்பி, பழைய எடைமேடை வரை போய், திரும்பி வந்து, தொட்டியைத் தாண்டி எங்கள் கேட்டுக்கு நூறு அடி முன்னால் முடியும். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். மாசி மாதக் கடைசி ஞாயிறு, ஆறரைக்கு ஆரம்பித்தால், சர்ச்சுக்குப் போகிறவர்கள் எட்டரைக்குக் குளித்துக் கிளம்பிவிடலாம் என்பது வரை கணக்குப் போட்டேன். மன்றத்துக்காரர்கள் விசிலும் கொடியும் தருவதாகச் சொன்னார்கள். அவ்வளவு சுலபமாக எல்லாம் நடந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வயதுக்கு என்ன அத்தாட்சி என்ற கேள்வி வந்தது. பதினைந்து வருஷமாக டைம் ஆபீசில் குப்பை கொட்டுகிறவள் நான். தாளில் இல்லாதது எனக்கு உலகத்திலேயே இல்லாதது. எல்லோரும் ஆதார் ஜெராக்ஸ் கொடுங்கள் என்று கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன்.

ஜெராக்ஸ் வந்து சேரச் சேரத்தான் கூத்து தெரிந்தது. பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருந்தார்கள், அதுவும் முதல் வாரத்தில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்த பிறந்தநாள் அது. பள்ளிக்கூடம் போகாதவர்கள் எல்லாம் ஜனவரி ஒன்றாம் தேதி. ஒரே காம்பவுண்டில் குடியிருக்கிற அக்கா தங்கை இரண்டு பேர் கொடுத்த ஜெராக்ஸில், தங்கை அக்காவைவிட எட்டு மாசம் மூத்தவள். அவர்கள் அம்மாவைப் பற்றிப் பேக்கிங் பிரிவில் இரண்டு நாள் கிண்டல் ஓடியது. இன்னொருத்திக்கும் அவள் மூத்த மகனுக்கும் பதினோரு வயதுதான் வித்தியாசம். நான் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஃபைல் போட்டேன்.

ஒரே ஒரு ஜெராக்ஸ் வரவில்லை. எளாவூரக்காவுடையது.

முதலில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டேன், நாளைக்கு என்றாள். ஊர்வம்பை இழுத்து மேடை ஏறிச் சண்டை போட்டதே இவளுக்காக, இவளே கழண்டுகொள்கிறாளே என்று எனக்குக் கோபமான கோபம். ஒருநாள் ஷிப்டு முடிந்ததும் சைக்கிள் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். ஓட்ட பயமாக இருந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று அதட்டினேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, சைக்கிள் சீட்டில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள்.

கான்ட்ராக்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களை எடுக்க மாட்டோம் என்றார்களாம். வீட்டுக்காரர் இடுப்பு போய்ப் படுத்திருந்த சமயம். முப்பது என்று எழுதிக்கொடுத்தாள். அடுத்து ஆதார் எடுக்க வந்தபோது அதே வயதையே சொன்னாள், ஆக எல்லாத் தாளும் ஒன்றுபோல ஒத்துப்போய்விட்டன. உண்மையில் அப்போது அவளுக்கு முப்பத்தேழு. இப்போது தாளில் நாற்பத்தைந்து, நிஜத்தில் ஐம்பத்திரண்டு.

எங்கள் இடத்தில் கான்ட்ராக்ட் பெண்கள் ஐம்பதைத் தொட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பட்டியலை மாதாமாதம் அடிப்பதே நான்தான். யாரும் போ என்று சொல்ல மாட்டார்கள். அடுத்த மாதப் பட்டியலில் அந்தப் பேர் இருக்காது, அவ்வளவுதான். வயதை மாற்றிச் சொன்னது தெரிந்தாலோ அடுத்த மாதம் வரைக்கும்கூடக் காத்திருக்க மாட்டார்கள். தாளில் உள்ளபடி நடு குரூப்பில் ஓட்டேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"பேப்பர்ல நாப்பத்தஞ்சுதாம்மா. முட்டிகிட்ட பேப்பரக் காட்ட முடியுமா?" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "பொய்யாவே ஓட்டறதுன்னா அதத்தான் தெனம் ஓட்டறனே. ஒருநாளாவது நெஜமா ஓட்டணும்னுதான் உன்னக் கேட்டேன். நீ பேப்பர் கேப்பேன்னு எனக்குத் தோணல" என்றாள்.

வயதுப் பட்டியலை அடிக்கிறவளிடமே வந்து இதைச் சொன்னாளே என்று அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. முதலில் பயம். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் எனக்கும் தெரியும் என்று ஆகுமே. அப்புறம் வெட்கம். வயதுவாரிப் பந்தயம் வேண்டும் என்று கேட்டவள் அவள். வயது வைத்தே அவளை வெளியே தள்ளிவிட்டேன் நான்.

வழி காட்டியது நான் இல்லை. தாளில் அக்காவைவிட எட்டு மாசம் மூத்த அந்தத் தங்கச்சிதான். சனிக்கிழமை கேண்டீனில் குரூப் பிரிக்க உட்கார்ந்தபோது, ஆதார்ப்படி அவள் மேல் குரூப்புக்கும் அவள் அக்கா நடு குரூப்புக்கும் வந்தார்கள். அவள் ஒரேயடியாக மறுத்தாள். பொறந்ததிலிருந்து இவளைத்தான் அக்கா என்று கூப்பிடுகிறேன், உங்கள் பேப்பருக்காக என்னை அக்கா என்று இவள் கூப்பிடுவாளா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் சொன்னாள்:

"பேப்பரத் தூக்கி அப்பால போடு மேடம். யாரு யார அக்கான்னு கூப்புடறமோ அவங்க பின்னால நின்னுக்கறோம். வரிசை தானா வந்துடும். அத்த மூணா வெட்டிக்கோ."

எங்கள் பெண்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே செய்கிற முதல் காரியம் அதுதான். ஒருவரை ஒருவர் மேலும் கீழும் பார்த்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டு, யார் அக்கா யார் தங்கச்சி என்று தீர்த்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் அது மாறாது. வாத்தியாரோ ஆதார் எடுக்கிறவரோ அதில் கை வைக்க முடியாது. இருபத்து நான்கு பேருக்கும் அந்தக் கணக்கு மனப்பாடமாக இருந்திருக்கிறது. நான்தான் ஜெராக்ஸ் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே ஃபைலைக் கலைத்து எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். குரூப்புக்கு வயதே எழுத வேண்டாம், சிவப்பு ரிப்பன், பச்சை ரிப்பன், மஞ்சள் ரிப்பன் போதும் என்று முடிவாயிற்று.

எளாவூரக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். தாள் கிடையாது, நம்பர் கிடையாது, எங்கேயும் எழுத மாட்டோம், வந்தால் போதும் என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கு என்னமோ பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு. யோசித்திருந்தால் அந்த ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்று தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனியும் இரும்பு உருக்குகிற பவுண்டரிப் புகையும் கலந்து தண்ணீர்த் தொட்டியின் மேல்பாதி தெரியவில்லை. இருபத்து நான்கு பேரும் வந்துவிட்டார்கள். டிபன் கூடைகளைக் கழற்றி வைத்திருந்தார்கள், செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தார்கள், சில பேர் மகளின் சுடிதாரை மாட்டிக்கொண்டு வந்து ஒருத்தியை ஒருத்தி பார்த்துக் கூச்சப்பட்டார்கள். நான் ஒன்றும் கேட்காமலே எங்கள் எச்.ஆர். அதிகாரியும் வந்து நின்றார், கம்பெனி பேனரோடும் இரண்டு கேஸ் தண்ணீர் பாட்டிலோடும். படம் எடுத்து ஹெட் ஆபீசுக்கு அனுப்ப வேண்டுமாம். எளாவூரக்கா அவரைப் பார்த்ததும் சைக்கிளை நாலடி பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

வரிசையாக நில்லுங்கள் என்றேன். ஐந்தே நிமிஷம்தான். நீ முன்னாடி, நீ பின்னாடி, உன் பெரியவன் என் மகனுக்குச் சீனியர்தானே, அப்ப நீ அக்கா, என்று பேசிக்கொண்டே நின்றுவிட்டார்கள். பக்கத்து கம்பெனியிலிருந்து வந்த மூன்று பேருக்கும் இடம் கண்டுபிடித்தார்கள். முன்னாலிருந்து எட்டெட்டாக எண்ணிக்கொண்டு போனேன். எட்டாவதாக நின்றவள் பேக்கிங் லைன் லீடர். ஒன்பதாவது எளாவூரக்கா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லைன் லீடர் நிரந்தரத் தொழிலாளி, நாற்பத்தேழு வயது, அவளுடைய தாளில் உள்ள வயதும் நிஜ வயதும் ஒன்றே. வாயைத் திறந்தால் அதட்டல்தான். எளாவூரக்காவை அவள் பேர் சொல்லியோ முறை சொல்லியோ கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை, இன்னாடி, ஏய், அவ்வளவுதான். எளாவூரக்கா அவளை அக்கா என்பாள். சேர்ந்த முதல் நாளிலிருந்து அப்படித்தான். முப்பது என்று எழுதிக்கொடுத்தவள் முப்பத்திரண்டு வயதுக்காரியை வேறு எப்படிக் கூப்பிட முடியும்? தாளில் சொன்ன பொய்யைக் காப்பாற்ற, தன்னைவிட ஐந்து வயது சின்னவளை அவள் பதினைந்து வருஷமாக அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாள் என் காதில் விழுந்த வார்த்தை, எனக்கு ஏன் தோன்றவில்லை?

வெட்டு அவள்மேலேயே விழுந்துவிட்டது. முதல் எட்டு சிவப்பு ரிப்பன், ஒன்பதிலிருந்து பச்சை. பச்சையில் பாதிப் பேர் முப்பத்தைந்து வயதுக்காரிகள். நான் பச்சை ரிப்பனை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வாங்கக் கையை நீட்டினாள். அந்தத் தலையாட்டலைத் தாங்க முடியாமல் நான் ஜெராக்ஸ் கேட்ட நாளைத் திட்டிக்கொண்டேன். எச்.ஆர். ஐந்தடி தள்ளி நின்று எல்லோரையும் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

லைன் லீடர் திரும்பிப் பார்த்தாள். எளாவூரக்காவை ஒருமுறை, ரிப்பனை ஒருமுறை, எச்.ஆரை ஒருமுறை. அவளும் சும்மா வந்தவள் இல்லை. பதினைந்து நாளாகச் சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஓட்டிப் பழகுகிறாள், டயர்கூடப் புதிதாக மாற்றியிருந்தாள். சிவப்பு ரிப்பன்காரர்களிலேயே சின்னவள் அவள்தான், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிப்பாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் தன் சைக்கிளை வரிசையை விட்டு வெளியே இழுத்தாள்.

"அக்கா, நீ முன்னால வா. நான் பின்னால போறேன்."

அந்த வாயில் அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. எளாவூரக்கா நகரவே இல்லை. எச்.ஆர். போனைத் தாழ்த்திவிட்டு, என்ன மேடம், அவங்க உங்களுக்கு அக்காவா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

லைன் லீடர் அசரவில்லை. "ஊட்டுலருந்து எட்டு கிலோமீட்டர் மிதிச்சிக்கினு வர்றாங்க சார், நான் ரெண்டு கிலோமீட்டர்தான். சைக்கிள் உட்றதுல இவங்கதான் சார் எனக்கு அக்கா" என்றாள், அதே அதட்டல் குரலில்.

அட, நல்ல ஸ்பிரிட் என்று சொல்லி அவர் அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார். லைன் லீடர் என் கையிலிருந்த பச்சை ரிப்பனைப் பிடுங்கித் தன் மணிக்கட்டில் தானே கட்டிக்கொண்டு, ஒன்பதாவது இடத்தில் போய் நின்றாள்.

சிவப்பு ரிப்பன் பந்தயம் ஏழு மணிக்குக் கிளம்பியது. போகும்போது எதிர்காற்று. கடலைப் பார்த்து வீசுகிற காற்று அந்த நேரத்தில் அந்த ரோட்டில் எப்போதும் உண்டு. மற்றவர்கள் எழுந்து நின்று மிதித்துத் திணறினார்கள். எளாவூரக்கா சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, ஒரே சீராக, தினமும் எந்தக் காற்றில் வருகிறாளோ அந்தக் காற்றில் போவதுபோலப் போனாள். எடைமேடையில் திரும்பும்போது மூன்றாவது. திரும்பி வருகையில் பாதி வழியில் இரண்டாவது. கேண்டீனில் பாத்திரம் தேய்க்கிற ஒருத்தி, கட்டை குட்டையான மனுஷி, இவளுக்குக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேருடைய மூச்சுச் சத்தமும் எங்களுக்குக் கேட்டது. பச்சை ரிப்பனும் மஞ்சள் ரிப்பனும் ரோட்டோரம் நின்று கத்தின. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியபோது எளாவூரக்காவின் முன்சக்கரம் ஒரு கைப்பிடி முன்னால் வந்தது. கோட்டையும் அப்படியே தாண்டினாள்.

தாண்டியவள் நிற்கவில்லை. எல்லோரும் கைதட்டிக் கூப்பிட, அவள் பாட்டுக்கு நேரே போய் எங்கள் கம்பெனி கேட்டில் பிரேக் போட்டு, காலை ஊன்றி, கழுத்தில் இல்லாத ஐடி கார்டைத் தேடினாள். செக்யூரிட்டி, இன்னிக்கு லீவும்மா என்றார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. எத்தனையோ வருஷமாக அந்தக் கேட்டில் அவள் நேரத்தைக் குறித்தவள் நான். அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லைன் லீடர் பச்சையில் ஆறாவதாக வந்தாள். செயின் சரியில்லை, டயர்காரன் ஏமாற்றிவிட்டான், ரோட்டில் நாய் குறுக்கே வந்தது என்று பத்து காரணம் சொல்லிக்கொண்டு, தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். கூட்டம் கலைந்ததும் நான் அவளிடம் போய், உங்களுக்கு எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், இவளெல்லாம் ஒரு டைம் ஆபீஸ்காரியா என்பது இருந்தது.

"பதினஞ்சு வருஷமா பக்கத்துல குந்திக்கினு சோறு துன்றோம். யாரு மூத்தவன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அதுவா அக்கான்னு கூப்பிட்டுச்சு. நான் வேணாம்னு சொல்லியிருந்தா அது வேலை போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு நாஷ்டாவுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஆறடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது எளாவூரக்கா கார்டைத் தேய்த்தாள். பத்து மணிக்கு நான் கான்ட்ராக்ட் பட்டியலை அடித்தேன். வயது என்ற கட்டத்தில் அவள் பேருக்கு நேரே நாற்பத்தைந்து என்று அடித்தேன். தாளில் இல்லாதது உலகத்தில் இல்லை என்றிருந்தவள், கை கூசாமல் அடித்தேன். கையெழுத்து வாங்க பேக்கிங் பிரிவுக்குப் போனபோது லைன் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் குனிந்து பெட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் கதையை யாரும் பேசவில்லை. அத்தனை பேர் கேட்ட அந்த ஒரு வார்த்தையைப் பற்றி ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை, இன்று வரைக்கும் திறந்ததில்லை.

எளாவூரக்கா லைனின் கடைசியிலிருந்து கையைத் தூக்கினாள். மற்றத் திங்கட்கிழமைகளில் எப்படியோ அப்படியே.

"அக்கா, டேப்பு தீந்துபோச்சு."

லைன் லீடர் திரும்பிக்கூடப் பார்க்காமல் டேப் ரோலைத் தூக்கிப் போட்டாள்.

"நேத்து மட்டும் காத்தாப் பறந்த. இன்னிக்கு இன்னாடி, பெட்டி பெட்டியா நின்னுக்கினு கீது. கைய ஓட்டு."

எளாவூரக்கா சரிக்கா என்றாள். இதைவிடப் பெரிய மரியாதையை ஒருத்திக்கு இன்னொருத்தி கொடுத்து நான் பார்த்ததில்லை. பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டைம் ஆபீசுக்குத் திரும்பினேன்.